அங்கி அணிந்த நடிகர் - சேர் அலெக் கின்னஸ்

அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் வீதியிலே கித்துல்கல என்னும் சிற்றூர் உண்டு. களனி கங்கை அவ்விடத்தில் பாறைகளுக்கிடையே இரைந்து ஓடுகின்றது. மலைநாட்டுக்குப் பயணம் செய்யும் நம்மவர் சிலர் அங்கே இறங்கி, ஆற்றங்கரையில் எஞ்சிக் கிடக்கும் அடித்தளங்களைப் பார்த்துவிட்டு வருவதுண்டு. 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காக 1956 - 57 ஆம் ஆண்டுகளில் அங்கே பெரியதொரு மரப்பாலம் கட்டப்பட்டு, படத்தின் முடிவிற் புகைவண்டியோடு சேர்த்துத் தகர்க்கப்பட்டது. கதை நடப்பது சீயத்தில். ஆனால் கண்ணாற் கண்ட ஆறும் காடும் இலங்கையினுடையவை.

அப்படத்தில் ஒரு காட்சி வரும். யப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கேணல் ஒருவர், வெயிலிற் கொதிக்கும் தகரக் கூண்டொன்றிற் பல நாள் அடைபட்டுக் கிடந்தபின் வெளியே கொண்டுவரப்படுகிறார். அவருடைய கால்கள் அவர் சொற்படி நடக்க மறுக்கின்றன. முழங்கால் மடிகின்றது, பாதம் எங்கோ போய் விழுகின்றது. ஆயினும் போர்வீரர் முன்னிலையில் தாம் விழுந்துவிடக் கூடாது என்ற வீம்போடு அவர் நிமிர்ந்து நடக்கிறார். நடித்தவர் சேர் அலெக் கின்னஸ். அந்த நடையை அவர் வேறெவரிடமும் கற்கவில்லை. தமது ஒரே மகனிடமே கற்றார். அது எவ்வாறு என்பதை அறிய அவருடைய வாழ்வைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

1914 ஏப்ரல் 2 ஆம் திகதி இலண்டன் மாநகரில் அவர் பிறந்தார். தாயின் பெயர் அக்னெஸ் கஃப். பிறப்புப் பத்திரத்திலே தந்தையின் பெயர் எழுதப்பட வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. தம்மைப் பெற்ற தந்தை யார் என்பதை அவர் சாகும்வரை திட்டமாக அறியவில்லை. பள்ளிக்கூடச் செலவைக் கொடுத்துதவிய, மாமன் என்ற பெயரில் எப்போதாவது வந்துபோன வங்கியாளர் ஒருவரே தந்தையாக இருக்கலாம் என அவர் ஐயுற்றதுண்டு. அவருக்கு ஐந்து வயதளவில் தாய் ஓர் இராணுவக் கப்டனை மணந்தார். முரடரான அம்மனிதர் சிறுவனைக் கைத்துப்பாக்கியைக் காட்டி வெருட்டியவர். அம்மணவாழ்வு சில ஆண்டுகளே நிலைத்தது. தாயும் மகனுமாக விடுதி விடுதியாக இடம் மாறினர். கடன்காரருக்கு ஒளித்து இடம் மாறிய சந்தர்ப்பங்களும் உண்டு. 14 வயதை அடைவதற்குள் ஏறக்குறைய முப்பது இடங்களிற் குடியிருந்து, மூன்று பெயர்களைச் சுமந்தாயிற்று. மாற்றாந் தந்தையின் பெயரைத் தன் பெயரென எண்ணியிருந்த பையனுக்கு, உன் பெயர் கின்னஸ் என்று அந்த வயதிலேதான் அறிவிக்கப்பட்டது.

இப்படி வளர்ந்த பிள்ளை வேறொருவனாகத் தன்னைப் பாவனை செய்வதில் இன்பங் கண்டமை வியப்பன்று. ஈஸ்ற்போணில் மாணவனாயிருந்தபோது 'மக்பெத்' நாடகத்தில் அவருக்குத் தூதனின் சிறு பாகம் கிடைத்தது. தூதன் ஓடி வந்தவன் அல்லவா? ஆகவே மேடையேறுமுன் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி ஓடி, உண்மையாகவே மூச்சிரைக்க வந்து நின்று செய்தி சொன்னாராம். பதினாறாம் வயதில் அங்கிலிக்கன் சபையில் உறுதிபூசுதல் பெற்றார். ஆனால் அந்தச் சடங்கு முடிந்து எழுந்தபோதே தம் உள்ளத்தில் விசுவாசம் இல்லை என்பதை உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் இலண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்திற் சொற்பச் சம்பளத்துக்கு விளம்பர வாசகம் எழுதும் வேலை. மனமோ மேடையிலே. அக்காலத்திற் புகழ் ஓங்கி நின்ற நடிகர் ஜோன் கில்குட்டிடம், முன்பின் அறிமுகமில்லாத நிலையில், தொலைபேசியில் ஆலோசனை கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. அவர் காட்டிய வழியில் மார்ற்றிற்றா ஹன்ற் என்ற நடிகையிடம் பாடங் கேட்டார். நீ ஒருபோதும் நடிகனாக மாட்டாய் என அந்த அம்மையார் தொடக்கத்திலேயே கைவிரித்தார். எனினும் பாடத்தைத் தொடர்ந்தார். பின்னர் ஒரு நடிப்புப் பள்ளியிற் புலமைப்பரிசில் கிடைத்தது. கையிற் காசு தீர்ந்து, வயிறு ஒட்டிய நிலையிலிருந்த இளைஞனுக்குக் கில்குட் 20 பவுணை எடுத்து நீட்டினார். பசித்தவன் அதை வாங்காமல் நடந்தே வீடு திரும்பினான். வறியவனின் மானம் சில வேளைகளில் அவனுக்கே பகையாகி விடுகின்றது. ஆயினும் கில்குட் அவரை மறக்கவில்லை. 1934 ஆம் ஆண்டு தமது 'ஹம்லெற்' நாடகத்தில் ஒஸ்ரிக் என்ற சிறு பாத்திரத்தை அவருக்குக் கொடுத்தார். அதன்பின் மேடை அவரை விடவில்லை. 1938 ஆம் ஆண்டு, 24 வயதில், ஓல்ட் விக் அரங்கிலே ரைறோன் குத்றியின் நெறியாள்கையில் இக்கால உடையிலே, ஒரு வரியும் வெட்டப்படாத முழு ஹம்லெற்றையும் நடித்தார்.

அவ்வாண்டே மெருலா சலமன் என்ற நடிகையைக் கரம் பிடித்தார். நோவே பற்றிய நாடகமொன்றில் இருவரும் மிருக வேடம் பூண்டு நடித்தபோது தொடங்கிய பழக்கம் அது; பேழைக்குள் ஏறிய சோடி என்று சொல்லிக் கொள்ளலாம். 1940 இல் மகன் மத்தேயு பிறந்தான். அடுத்த ஆண்டு கின்னஸ் கடற்படையிற் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, பின் அதிகாரியானார். 1943 யூலையிற் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது ஒரு தரையிறக்கக் கப்பலை நடத்திச் சென்றவர் அவரே. நேரம் பின்போடப்பட்ட செய்தி கிடைக்காமையால், மற்றக் கப்பல்களுக்கு முன்பதாகவே கரையை அடைந்துவிட்டார். கடிந்துகொண்ட மேலதிகாரிக்கு, நாடக மேடையில் திரை விலகும் நேரம் தவறாது என்று விடை சொன்னாராம்.

போர் முடிந்தபின் டேவிட் லீன் என்னும் நெறியாளர் அவரைத் திரைக்கு அழைத்தார். டிக்கன்ஸ் எழுதிய இரு நாவல்களின் படங்களில், 1946 இல் ஹேர்பேட் பொக்கெற்றாகவும், 1948 இல் 'ஒலிவர் ருவிஸ்ற்' படத்தின் கள்வர் தலைவன் ஃபேகினாகவும் வந்தார். ஃபேகினுக்காக ஒட்டிய பெரிய மூக்கு யூத மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. இலட்சோபலட்சம் யூதர் கொல்லப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பேர்லினில் எதிர்ப்பு மூண்டது; அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை. ஒப்பனையின் திறமையை மெச்சுவோர் இதனையும் மறக்கலாகாது.

1949 இல் வெளிவந்த 'கைன்ட் ஹாட்ஸ் அன்ட் கொரனெற்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக அவர் தோன்றினார். அந்த எண்மரில் ஒரு கிழப் பெண்மணியும் உண்டு, கோயிற் குருவும் உண்டு. அதன்பின் ஈலிங் படநிலையத்தின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை உலகறியச் செய்தன. ஆனால் வீதியில் நடந்து போனால் எவரும் அவரை அடையாளங் காண்பதில்லை என்பார்கள். சொந்த முகமே இல்லாத நடிகர் என விமர்சகர் எழுதினர். புகழ்ச்சியாகவே எழுதினர், அவருடைய பிறப்புப் பத்திரத்தின் வெற்றிடத்தை அவர்கள் அறியார்.

இத்தனை வெற்றிக்கு நடுவிலும் 1951 இல் தாமே முன்னின்று மேடையேற்றிய ஹம்லெற் படுதோல்வி கண்டது. அதைவிடப் பெரிய இடி அவரது வீட்டில் விழுந்தது. 11 வயது மத்தேயுவை இளம்பிள்ளை வாதம் பீடித்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிள்ளை மீண்டும் நடப்பானா என்பதற்கு எவராலும் உறுதி கூற முடியவில்லை. படப்பிடிப்பு முடிந்து மாலையில் வீடு திரும்பும் வழியில் ஒரு சிறு கத்தோலிக்க ஆலயம் இருந்தது. கத்தோலிக்கரல்லாத அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் அதனுட் புகுந்து அமர்ந்தார். தொடர்ந்து செபிக்கத் தெரியாது. ஈற்றில் இறைவனோடு ஒரு பேரம் பேசினார்: மகன் குணமடைந்தால், அவன் என்றாவது கத்தோலிக்கனாக விரும்பும்போது நான் குறுக்கே நிற்க மாட்டேன். பேரம் பேசுவது சரியான செபமன்று என மறைக்கல்வி வகுப்பில் நாம் படிப்பிக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெற்றோரிடம் அந்தப் பாடத்தைச் சொல்ல எனக்கு ஒருபோதும் நா எழுந்ததில்லை. அத்தோடு, அவர் கொடுக்க முன்வந்ததைக் கவனியுங்கள். பொன்னையோ பொருளையோ அல்ல. தகப்பன் என்ற முறையிற் பிள்ளைமேல் தமக்கிருந்த அதிகாரத்தையே விட்டுக்கொடுத்தார்.

பையன் சில மாதங்களிற் கோணல்மாணலாக நடந்தான். நத்தார் வருவதற்குள் பந்தடித்தான்.

1954 இல் வெளிவந்த 'பாதர் பிறவுண்' படத்தில் கின்னஸ் ஒரு கத்தோலிக்கக் குருவாக நடித்தார். துப்புத் துலக்கும் அக்குருவைக் கதையிற் படைத்த செஸ்ரேற்றன், படைத்த காலத்திற் கத்தோலிக்கர் அல்லர். பின்னர் 1922 இலேயே திருச்சபையிற் சேர்ந்தார். கின்னஸுக்கும் அதே பாத்திரம் அமைந்தமை நினைக்கத்தக்கது. படத்தின் ஒரு பகுதியை எடுப்பதற்குப் பிரான்சு நாட்டின் பேர்கண்டிப் பகுதிக்குச் சென்றிருந்தனர். ஓர் இரவு படப்பிடிப்பிலே தமக்கு இன்னும் நெடுநேரம் வேலையில்லை எனக் கண்டு, வேடத்தைக் களையாமல், கறுப்பு அங்கியோடே தம் தங்குமிடத்தை நோக்கி நடந்தார். இருட்டு வழி. திடீரெனப் பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து அவர் கையை இறுகப் பற்றிக் கொண்டான். தந்தையே என்று விளித்து, கையை வீசி வீசி ஆட்டியவாறு ஓயாமற் கதை பேசிக்கொண்டு கூடவே நடந்தான். தமது அரைகுறைப் பிரெஞ்சு மொழி பிள்ளையை வெருட்டிவிடும் என அஞ்சிக் கின்னஸ் வாய் திறக்கவில்லை. சற்றுத் தூரம் சென்றதும் சிறுவன் இரவு வணக்கஞ் சொல்லித் தலை சாய்த்து, வேலியின் பொட்டுக்குள்ளால் நுழைந்து மறைந்தான். முன்பின் அறியாத ஒரு மனிதரை அங்கியின் காரணமாகவே இவ்வளவுக்கு நம்பச் செய்யும் ஒரு திருச்சபை, தாம் சிறுவயது தொட்டுக் கேள்விப்பட்டவாறு சூழ்ச்சியும் வஞ்சகமும் நிறைந்ததாக இருக்க முடியாது என்ற எண்ணம், தனியே நடந்த அவருக்கு உண்டாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பிரசங்கங்களிற் பலர் எடுத்தாள்வதுண்டு. நானும் எடுத்தாண்டிருக்கிறேன். ஆனால் அங்கி அணிந்தோர் சிலர் பிள்ளைகளின் நம்பிக்கைக்குச் செய்த துரோகம் பல நாடுகளில் வெளியாகித் திருச்சபை தலைகுனிந்து நிற்கும் இந்நாளில், இது இனிமையான ஒரு கதையாக மட்டும் எனக்குப் படவில்லை. அந்தப் பிள்ளை கண்டது கின்னஸை அல்ல. அவ்வூரில் அதே அங்கியோடு நடமாடிய பங்குக் குரு ஒருவரைத்தான் அவன் மனத்திற் கண்டிருக்க வேண்டும். அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. பிள்ளைகள் இருட்டிலும் ஓடிவந்து கைபிடிக்கத் தக்கதாக அவர் வாழ்ந்திருக்கிறார் என்றே எண்ணுகிறேன்.

உடனே அவர் மனம் மாறவில்லை. இளமையில் அவர் நாத்திகமும், பின் பௌத்தமும் என அலைந்தவர். சீட்டுக்களைப் பரப்பிக் குறி பார்க்கும் பழக்கத்தில் மூழ்கி, ஒரு நாள் மாலை அதுவே பயத்தைத் தர, சீட்டுக்களையும் புத்தகங்களையும் நெருப்பில் எறிந்தவர். அங்கிலிக்கன் குருவாகலாமா எனக் கூட ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. 'சிறைக் கைதி' என்ற நாடகத்திலும், 1955 இல் வந்த அதன் படத்திலும், பொதுவுடைமை ஆட்சியினரால் வதைத்து விசாரிக்கப்படும் கர்தினாலாக நடித்தார். ஹங்கேரி நாட்டுக் கர்தினால் மின்ட்சென்றியின் துயரமே அக்கதைக்கு வித்து. கான் விழாவிலும் வெனிஸ் விழாவிலும் அப்படம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

இதற்கிடையில் மத்தேயு இயேசு சபைக் குருக்களின் கல்லூரியிற் படித்தான். பதினைந்தாம் வயதில், தான் கத்தோலிக்கனாக விரும்புவதாகப் பெற்றோருக்குத் தெரிவித்தான். பேரம் நினைவுக்கு வந்தது. தந்தை வாக்கைக் காத்தார். பிள்ளை போன பாதையை ஆராயத் தகப்பனும் புறப்பட்டார். லெஸ்ரர்சயரில் உள்ள புனித பேணாட் மலைத் திரப்பிஸ்த் துறவியர் மடத்திற் சில நாட்கள் தங்கினார். வைகறையிற் பல பீடங்களில் துறவியர் தனித்தனியே, முணுமுணுக்கும் குரலிற் பலிபூசை ஒப்புக்கொடுத்ததைக் கண்டு அவர் உள்ளம் நெகிழ்ந்தது. கைதட்டலுக்காக வாழ்ந்த நடிகர், பார்ப்பவர் ஒருவருமின்றி நடக்கும் பெரிய காரியம் ஒன்றை அங்கே கண்டார். 1956 மார்ச் 24 ஆம் திகதி, தாம் குடியிருந்த ஊருக்கு அண்மையிலுள்ள பீற்றர்ஸ்பீல்ட் நகரின் புனித லோறன்ஸ் ஆலயத்திலே திருச்சபையிற் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அவ்வாண்டின் பிற்பகுதியிற் படக்குழுவினர் இலங்கைக்கு வந்தனர். கேணல் நிக்கல்சன் பாத்திரத்தைக் கின்னஸ் முதலில் மறுத்திருந்தார். பகைவனுக்காகக் கட்டும் பாலத்திலே தன் பெருமையைக் காணும் அந்த மனிதரில், நகைச்சுவையில்லாத ஒரு விறைப்பு மாத்திரமே அவருக்குத் தெரிந்தது. தயாரிப்பாளர் ஸ்பீகல் பேசிப்பேசிச் சம்மதிக்க வைத்தார். வந்திறங்கியதும், இப்பாகத்துக்கு உண்மையில் தாம் விரும்பியவர் சார்ள்ஸ் லோற்றனே என டேவிட் லீன் சொல்லியதாகக் கின்னஸ் பின்னாளிற் கூறினார். மாதக்கணக்காக இருவருக்கும் சச்சரவு. வெயிலும் அட்டைக் கடியும் வேறு. அந்தச் சூழலில், தகரக் கூண்டிலிருந்து வெளியே வரும் காட்சியை நடிக்க வேண்டிய நாளில், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மகன் மத்தேயு படுக்கையைவிட்டு எழுந்து வைத்த முதல் அடிகளை நினைவுக்குக் கொண்டு வந்து, அவ்வாறே நடந்தார். தம் நடிப்பு வாழ்விலே தாம் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அந்தச் சில அடிகளே என்று அவர் கருதினார்.

அவர் இங்கே இருக்கும்போதுதான் இங்கிலாந்திலிருந்து மனைவியின் செய்தி வந்தது. மெருலா அம்மையார், கணவருக்கு முன்கூட்டி ஒன்றும் அறிவிக்காமல், தாமாகவே கத்தோலிக்க திருச்சபையிற் சேர்ந்துவிட்டார்! தந்தை வழியில் யூத மரபைச் சேர்ந்தவர் அவர். எல்லாம் முடிந்த பிறகே கணவருக்குத் தெரியப்படுத்தினார். 1957 ஆம் ஆண்டு கின்னஸுக்கு நம் நாட்டிற் கிடைத்த பரிசு அதுவே எனலாம். ஒஸ்கார் பரிசு அடுத்த ஆண்டுதான் வந்தது. 1959 இல் இங்கிலாந்து அரசி அவருக்குச் சேர் பட்டம் அளித்தார்.

அதன்பின் வந்த படங்களை விரித்தெழுதின் இப்பக்கம் போதாது. 'அரேபியாவின் லோறன்ஸ்' (1962), 'டொக்ரர் சிவாகோ' (1965) ஆகியவற்றை வாசகர் சிலர் கண்டிருப்பர். புனித பிரான்சிஸ் அசிசியாரைப் பற்றிய 1972 ஆம் ஆண்டுப் படத்திற் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் ஆக வந்தார். 1977 இல் 'ஸ்ரார் வோர்ஸ்' என்ற விண்வெளிப் படத்தில் நடித்தமைக்காக, இலாபத்தில் ஒரு பங்கு கிடைத்துப் பெருஞ்செல்வம் சேர்ந்தது. அப்படத்தின் வசனங்களையோ, அதன்பால் இளைஞர் கொண்ட பித்தையோ அவர் விரும்பவில்லை. நூறு முறைக்கு மேல் அதனைப் பார்த்ததாகப் பெருமையோடு வந்த ஒரு சிறுவனிடம், இனிமேல் பார்ப்பதில்லை என வாக்குத் தரும்படி கேட்டார். பையன் அழுதுவிட்டான், தாய் கோபித்துக் கொண்டாள். பிள்ளை வாழ்நாள் முழுவதும் கற்பனை உலகில் அடைபட்டுவிடக் கூடாதே என்பது அவர் கவலை. எனினும், பேர்கண்டியில் வாய் திறவாமல் நடந்த அந்த இரவின் பக்குவம் இங்கே அவருக்கு வாய்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் புனிதரல்லர். அவர் மறைந்தபின் 2003 இல் கத்தோலிக்க எழுத்தாளர் பியர்ஸ் போல் றீட் எழுதிய வரலாறு அதனை மறைக்கவில்லை. விருந்தினர் முன்னிலையிலே மனைவியைச் சொல்லாற் குத்தியதுண்டு. மகனிடமும் கடுமையாய் இருந்தார். மணமானபின் மெருலா மேடையைத் துறந்தது இவருடைய விருப்பத்துக்காகவே. அந்த அம்மையார் ஓவியமும் ஊசி வேலையும் சிறுவர் நூல்களுமாகத் தம் வாழ்வை அமைத்துக் கொண்டார். தந்தையைக் கண்டறியாதவர் தந்தையாக இருக்கத் தட்டுத்தடுமாறியே கற்றார் போலும். தம் குறைகளை அவர் அறிந்திருந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடிச் சென்றார்.

பொதுச் சங்கத்தின் பின் இலத்தீன் பூசையின் அழகு போய்விட்டதே என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது. நம்மிடையேயும் மூத்தோர் பலர் அவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அதன் பொருட்டு அவர் கோயிலைவிட்டு விலகவில்லை. விடியற்காலையில் 143 ஆம் சங்கீதத்தின் ஒரு வசனத்தைச் சொல்லி நாளைத் தொடங்குவது அவர் வழக்கம்.

அவர் திருச்சபையிற் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றையும் எழுதிவிட வேண்டும். ஒரு நாள் இலண்டனின் கிங்ஸ்வே வீதியிற் சாவதானமாக நடந்து கொண்டிருந்தவர், காரணம் ஏதுமின்றி ஓடத் தொடங்கினார். நடுத்தர வயதினர், நாடறிந்த நடிகர், நெரிசலான வீதி. வீதியோரத்துச் சிற்றாலயத்தை அடையும்வரை ஓடி, உள்ளே சென்று நற்கருணைப் பேழையின் முன் சில நிமிடம் முழந்தாளிட்டிருந்தார். தமக்குச் சித்தங் கலங்கிவிட்டதோ எனப் பின்னர் நாணினார். விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர் மொன்சிஞ்ஞோர் றொனால்ட் நொக்ஸ் அவர்களும் அவ்வாறே ஓடியவர் என்று அறிந்தபிறகே ஆறுதலடைந்தார்.

2000 ஆகஸ்ற் 5 ஆம் திகதி, 86 வயதிற் புற்றுநோயினால் இறந்தார். தாம் திருச்சபையிற் சேர்ந்த பீற்றர்ஸ்பீல்ட் நகரிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். அறுபத்திரண்டு ஆண்டுகள் கூட வாழ்ந்த மெருலா அம்மையார் அதே ஆண்டு ஒக்ரோபர் 17 ஆம் திகதி காலமானார். மத்தேயுவும் தந்தையைப் போல நடிகரானவரே.